சர்வதேச அமைப்பின் கொழும்பு அலுவலகத்தில் ஊழியர் பிரதிநிதி: எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம்

கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். கொழும்பிலுள்ள சர்வதேச அமைப்பொன்றின் நாட்டு அலுவலகத்தில் பணியாற்றும் சகோதரி ஒருவர் மூன்று மாதங்களுக்கு முன்னர் ஊழியர் சங்கப் பிரதிநிதியாகத் தெரிவாகியிருக்கிறார். நான்கு பேருக்கு ஒப்பந்தம் நீடிக்கப்படாது என்று கடிதம் வந்துவிட்டது. அவர்களில் இருவர் சாரதிகள். அடுத்தது யார் என்று எவருக்கும் தெரியவில்லை. அலுவலகத் தலைவரிடம் நேரம் கேட்டால், "அடுத்த டவுன்ஹோல் கூட்டத்தில் பேசுவோம்" (அலுவலகம் முழுவதும் கூடும் கூட்டம் அது) என்ற பதிலே வருகிறது. தொழில் திணைக்களத்துக்குப் போகலாமா, இல்லையென்றால் வேறென்ன வழி, வாய் திறந்தால் தம்முடைய ஒப்பந்தத்துக்கும் கேடு வருமா என்று கேட்கிறார். இத்தகைய ஓர் அலுவலகத்தில் உள்ளூர் ஊழியனாக நெடுங்காலம் இருந்து, அதில் சில ஆண்டுகள் பிரதிநிதியாகவும் இருந்து ஓய்வுபெற்றவன் என்ற அளவில் பதில் சொல்கிறேன்.

நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் செயலகத்துக்குப் புறப்படுவதற்கு முன்னர், உங்கள் அமைப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கொழும்பில் எல்லாவற்றையும் ஒரே பெயரால் "இன்டர்நெஷனல் ஓர்கனைசேஷன்" என்று சொல்லிவிடுகிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. வெளிநாட்டில் தலைமையகம் கொண்ட அரசசார்பற்ற நிறுவனமாக இருந்தால், இங்குள்ள எந்தத் தனியார் கம்பனிக்கும் பொருந்தும் தொழிற்சட்டங்களே அதற்கும் பொருந்தும். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம், 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், தொழில் நியாய சபைக்கு வழிதிறக்கும் 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் ஆகியவை அவற்றுள் அடங்கும். 15 பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் இடமொன்றில், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நிறுத்துவதானால் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். நீங்கள் அந்த வகையைச் சேர்ந்தவரென்றால் தயங்காமல் நாரஹேன்பிட்டிக்குப் போங்கள்; கீழே நான் எழுதுவதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

ஆனால் அரசாங்கங்கள் சேர்ந்து உருவாக்கிய அமைப்பென்றால், அதாவது ஐ.நா. முகவரகமோ உலக வங்கியோ ஆசிய அபிவிருத்தி வங்கியோ போன்ற ஒன்றென்றால், கதை வேறு. ஐ.நா.வின் சிறப்புரிமைகளும் விடுபாட்டுரிமைகளும் பற்றிய 1946ஆம் ஆண்டின் சமவாயமும், விசேட முகவரகங்களுக்கான 1947ஆம் ஆண்டின் சமவாயமும், ஆசிய அபிவிருத்தி வங்கி போன்றவற்றின் சொந்தச் சாசனங்களும் அவற்றை உள்நாட்டு நீதிமன்றங்களின் கைக்கு அப்பால் வைத்திருக்கின்றன. இலங்கை 1955 டிசம்பரில் ஐ.நா.வில் சேர்ந்தது, இத்தகைய உரிமைகளுக்கு 1996ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க இராஜதந்திர சிறப்புரிமைகள் சட்டம் இங்கே உள்நாட்டு வடிவம் கொடுக்கிறது. தொழில் அதிகாரி உங்கள் பேச்சை அனுதாபத்தோடு கேட்பார், தேநீரும் தரக்கூடும், ஆனால் உங்கள் தலைவருக்கு அழைப்பாணை அனுப்ப அவரால் இயலாது. சங்கம் அமைக்கும் சுதந்திரம் பற்றிய சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் 87ஆம் இலக்கச் சமவாயத்துக்கு இலங்கை 1995இல் ஒப்புதலளித்தது என்பதைக் காட்டி வாதாட முனைந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தச் சமவாயம் கட்டுப்படுத்துவது இலங்கை அரசை. உங்கள் வேலைகொள்வோரை அல்ல.

இதனால் சட்டமே இல்லாத வெளியில் நிற்கிறோம் என்று எண்ணிவிட வேண்டாம். விடுபாட்டுரிமை தந்த அதே 1946ஆம் ஆண்டின் சமவாயம், தனது 29ஆம் பிரிவில், அமைப்பு தானே பிணக்குகளைத் தீர்க்கும் வழியொன்றை ஏற்படுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. ஐ.நா. செயலகமும், அதன் ஊழியர் விதிகளைப் பின்பற்றும் யூ.என்.டீ.பி. (ஐ.நா. அபிவிருத்தித் திட்டம்), யுனிசெப் (சிறுவர் நிதியம்) போன்றவையும் 2009 ஜூலை முதல் இயங்கும் பிணக்குகள் நியாய சபைக்கும் மேன்முறையீட்டு நியாய சபைக்கும் உட்பட்டவை. உலக சுகாதார ஸ்தாபனம், உணவு விவசாய ஸ்தாபனம் போன்ற பல அமைப்புகள் ஜெனீவாவில் சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் நிர்வாக நியாய சபைக்கு உட்பட்டவை. உலக வங்கிக்கும் ஆசிய அபிவிருத்தி வங்கிக்கும் சொந்த நியாய சபைகள் உள்ளன. உங்கள் நியமனக் கடிதத்தில் எந்த விதிகள் குறிப்பிடப்பட்டுள்ளன என்று இன்றே எடுத்துப் பாருங்கள். பிரதிநிதியாகத் தெரிவாகி இரண்டாண்டு கழித்தும் அதைப் பாராதவர்கள் இருக்கிறார்கள். நானும் முதலாண்டில் பார்க்கவில்லை.

இந்த நியாய சபைகளுக்குப் போகும் வழியில்தான் பிரதிநிதிகள் தம்மையறியாமல் ஊழியருக்குத் தீங்கு செய்துவிடுகிறார்கள். ஐ.நா. முறையில், ஒரு தீர்மானம் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் அந்த ஊழியர் முகாமைத்துவ மீளாய்வைக் கோர வேண்டும்; அதாவது, தீர்மானத்தை மீண்டும் பரிசீலிக்கும்படி நிர்வாகத்திடமே கேட்க வேண்டும். பதில் கிடைத்த பின்னரோ, பதில் வரவேண்டிய காலம் கடந்த பின்னரோ 90 நாட்களுக்குள் நியாய சபைக்குச் செல்ல வேண்டும். பிரதிநிதி தலைவரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்பதற்காக இந்தக் கடிகாரம் நிற்பதில்லை. குறைகேள் அதிகாரி மூலம் சமரச முயற்சி நடக்கும்போது அவகாசம் நீட்டப்பட இடமுண்டு; நமது பேச்சுவார்த்தைக்கு அந்தச் சலுகை கிடையாது. சக ஊழியரொருவர் கடிதம் கிடைத்தவுடன் என்னிடம் வந்தார். நான் முகாமையாளரைச் சந்தித்தேன். "பார்த்துச் செய்வோம்" என்றார். மீண்டும் சந்தித்தேன், "மேலிடத்தில் கேட்டிருக்கிறேன்" என்றார். இடையில் அந்த ஊழியர் மூன்று முறை தொழில் திணைக்களத்துக்கும் போய்வந்தார். எழுபதாவது நாளளவில் இல்லையென்ற பதில் வந்தபோது, அவருடைய வழக்கு தகுதியிருந்தும் காலாவதியாகியிருந்தது. முகாமையாளர் வேண்டுமென்றே இழுத்தடித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நாட்களை எண்ணாதது என்னுடைய பிழை. ஆகவே நீங்கள் பேசுவது பேசுவதாக இருக்கட்டும். அந்த நால்வரில் விதிகளின்படி ஊழியர் என்ற தகுதியுடையவர்கள் (சாரதிகளைப் பற்றிக் கீழே தனியே சொல்கிறேன்) தத்தமது பெயரில், தத்தமது கையொப்பத்தோடு மீளாய்வைக் கோரட்டும். சங்கம் அவர்களுக்காக வழக்குத் தொடர முடியாது. நியாய சபையின் அனுமதியோடு கருத்துரை மட்டுமே சமர்ப்பிக்க முடியும்.

நீடிக்கப்படாத ஒப்பந்தத்தில் வாதிட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். வரையறுத்த கால ஒப்பந்தம் நீடிப்பு பற்றிய எதிர்பார்ப்பைத் தராது என்று விதியிலேயே இருக்கிறது, உண்மை. ஆயினும், ஊழியர் காரணம் கேட்டால் நிர்வாகம் சொல்லியாக வேண்டும் என்றும், சொன்ன காரணம் மெய்யானதாக இருக்க வேண்டும் என்றும் மேன்முறையீட்டு நியாய சபை கூறியிருக்கிறது. 2012ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று இதைத் தெளிவாக்கிவிட்டது. நிதியில்லை என்று நிறுத்திவிட்டு இரண்டு மாதத்தில் அதே வேலைக்கு வேறு பெயரில் விளம்பரம் போட்டால், அந்தக் காரணம் நிற்காது. நால்வரும் முதலில் எழுத்தில் கேட்க வேண்டியது இந்தக் காரணத்தைத்தான்.

இனி, பிரதிநிதி என்ற வகையில் உங்களுடைய சொந்தக் கையிருப்பு என்ன என்று பார்ப்போம். ஐ.நா. ஊழியர் ஒழுங்குவிதிகளின் எட்டாம் உறுப்புரை, ஊழியர் நலன், வேலை நிலைமைகள், ஆளணிக் கொள்கைகள் ஆகியவற்றில் ஊழியர் பயனுள்ள முறையில் பங்குபற்றுவதற்காக அவர்களோடு தொடர்ச்சியான தொடர்பைப் பேணும்படி செயலாளர் நாயகத்தைக் கடமைப்படுத்துகிறது. பிரதிநிதிச் சபைகள் தாமாகவே முன்மொழிவுகளை வைக்கலாம் என்றும், உள்ளூர் மட்டத்திலும் அமைப்பு முழுமைக்கும் இருதரப்புப் பொறிமுறைகள் இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. பொதுவான நிர்வாக அறிவுறுத்தல்கள் அவசர நிலைமையிலன்றி முன்கூட்டியே பிரதிநிதிகளின் கருத்துக்கு அனுப்பப்பட வேண்டும். இவை கலந்தாலோசனைக்கான உரிமைகள். உடன்பாட்டுக்கான உரிமைகள் அல்ல. தலைவர் உங்களைக் கேட்டுவிட்டு மறுக்கலாம். கேளாமலே தீர்மானிக்க முடியாது என்பதுதான் உங்கள் பிடி. சிறிய பிடியாகத் தோன்றும், ஆனால் எழுத்தில் பதிவாகும்போது அது கனக்கும்.

எழுத்து என்று நான் சொல்வதை ஓர் அனுபவத்தால் விளக்குகிறேன். 2022இல், ரூபாய் சில வாரங்களுக்குள் டொலருக்கு 200 என்ற நிலையிலிருந்து 360 வரை வீழ்ந்து, எரிபொருள் வரிசைகளில் மனிதர்கள் இரவைக் கழித்துக்கொண்டிருந்த நாட்களில், எங்கள் அலுவலகம் வாரத்தில் மூன்று நாள் கட்டாயம் வரவேண்டும் என்று அறிவித்தது. நாங்கள் கொதிப்போடு பதினான்கு கோரிக்கைகளை எழுதி எடுத்துக்கொண்டு போனோம். தலைவர் நல்ல மனிதர். பொறுமையாக முழுப் பட்டியலையும் வாசித்துவிட்டு, பதினோராவது கோரிக்கையான தேநீர் அறையின் பழுதான மைக்ரோவேவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அது எத்தனை மாதமாகப் பழுது, கொள்வனவுப் பிரிவு என்ன செய்கிறது என்று நாற்பது நிமிடம் போனது. கைகுலுக்கிப் பிரிந்தோம். புதிய மைக்ரோவேவ் அடுத்த வாரமே வந்தது. பெற்றோல் பற்றி எவரும் பேசவில்லை. எங்களை ஏமாற்ற அவர் அப்படிச் செய்தார் என்று நான் எண்ணவில்லை; தம்மால் செய்யக்கூடியது எதுவோ அதை நோக்கி எந்த அதிகாரியின் கண்ணும் தானாகவே போகும். அவ்வளவுதான்.

அடுத்த முறை ஒரே ஒரு பக்கம் கொண்டுபோனோம். எத்தனை பேர் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள், கடந்த இரு வாரங்களில் எத்தனை பேருக்கு எத்தனை மணித்தியாலம் வரிசையில் கழிந்தது, எந்தெந்த வேலை வீட்டிலிருந்து நடந்தது, எது நடக்கவில்லை என்பவை அதில் இருந்தன. கடைசியில் ஒரு கேள்வி: எரிபொருள் பங்கீடு சீராகும்வரை இந்த அறிவிப்பை நிறுத்திவைக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா, இல்லையென்றால் யாருக்கு இருக்கிறது? "ஆம்" என்றும் சொல்லாமல் "இல்லை" என்றும் சொல்லாமல் தப்ப முடியாத கேள்வி அது. கூட்டம் முடிந்த அன்று மாலையே, பேசியவற்றைப் பத்து வரிகளில் சுருக்கி, "எமது விளக்கம் தவறானால் திருத்தித் தரவும்" என்று மின்னஞ்சல் அனுப்பினோம். திருத்தம் வரவில்லை. பத்து நாளில் அறிவிப்பு மாறியது.

உங்கள் தலைவர் டவுன்ஹோலில் பேசலாம் என்கிறாரல்லவா, அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள், மறுக்கவும் வேண்டாம். டவுன்ஹோல் தகவல் சொல்வதற்கான இடம், கலந்தாலோசிப்பதற்கான இடமன்று. அங்கே எண்பது பேர் முன்னிலையில் கேட்கப்படும் கேள்வி தலைவரைத் தற்காப்புக்குத் தள்ளும்; கேட்டவரோ கைதட்டலோடு திருப்தியடைந்துவிடுவார். எட்டாம் உறுப்புரையைக் குறிப்பிட்டு, ஒரே விடயத்துக்காக அரை மணி நேரச் சந்திப்பைக் கேட்டு எழுதுங்கள். வேறு விதிகளின் கீழுள்ள அமைப்பானால் அதற்குச் சமமான ஏற்பாட்டைக் குறிப்பிடுங்கள். இருவராகப் போங்கள்: ஒருவர் பேச, மற்றவர் எழுத. இங்கே ஒரு பக்கக் குறிப்பு: வெளிநாட்டிலிருந்து வரும் தலைவர்கள் பலர் "என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள்" என்பார்கள். நம்மவர்கள் "சேர்" என்பதை விட்டுவிட்டுப் பெயர் சொல்லிப் பழகியவுடன், அந்த நெருக்கத்தை உரிமையென்று நினைத்து, எழுத வேண்டியதை வாய்ப்பேச்சாகச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டாண்டில் அவர் வேறு நாட்டுக்கு மாறிப் போய்விடுவார். வாய்ப்பேச்சும் அவரோடு விமானமேறிவிடும்.

சாரதிகளைப் பற்றித் தனியே எழுத வேண்டும், ஏனெனில் இந்த அலுவலகங்களில் உண்மையான பிளவு அங்கேதான் கிடக்கிறது. அந்த இருவரின் ஒப்பந்தத்தின் பெயர் என்ன? தேசிய ஆளணிச் சேவை ஒப்பந்தம், தனிநபர் ஒப்பந்தம் என்பன போன்ற பெயரென்றால், பத்தாண்டு அதே அலுவலக வாகனத்தை ஓட்டியிருந்தாலும் விதிகளின்படி அவர்கள் "ஊழியர்" அல்லர். நியாய சபைக்கு அவர்களுக்கு வழியில்லை. ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும் சமரசம், நடுத்தீர்ப்பு என்ற ஏற்பாடுதான் உண்டு. நான் மேலே சொன்ன 60 நாள் கணக்கும் அவர்களுக்குப் பொருந்தாது. ஒப்பந்தத்திலுள்ள வாசகத்தை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். சங்கத்தின் யாப்பு இத்தகையவர்களை அங்கத்தவர்களாக ஏற்காவிட்டால், ஏற்கும்படி திருத்துவதற்கு முயலுங்கள். அதுவரையும் தலைவரிடம் கொண்டுபோகும் கணக்கில் அவர்களையும் சேர்த்தே எண்ணுங்கள். அவர்களை எண்ணக் கூடாது என்று எந்த விதியும் தடுக்கவில்லை.

கூட்டங்களில் சாரதிகள் பின்வரிசையில் பேசாமல் இருப்பார்கள், ஏனெனில் கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும். நான் வாகனத் தரிப்பிடத்துக்கே போய், சிங்களத்திலும் தமிழிலும் கேட்கத் தொடங்கிய பின்னர்தான், வடக்கு கிழக்குப் பயணங்களில் இரவுத் தங்கலுக்கான படிப்பணம் மாதக்கணக்கில் தாமதமாவது தெரியவந்தது. வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் கிளைகள் இருந்தால் அவர்களோடும் தொலைபேசியில் பேசிவிட்டுப் போங்கள். நான் தமிழன் என்பதால் தமிழருக்காக மட்டும் பேசுவேன் என்ற ஐயம் தொடக்கத்தில் சிலருக்கு இருந்தது. நான் எடுத்துச் சென்ற முதல் விடயம் காலியிலிருந்து தினமும் வரும் சக ஊழியரின் போக்குவரத்துப் பிரச்சினையாக அமைந்தது தற்செயல்தான் என்றாலும், அது எனக்கு நன்மையாக முடிந்தது.

சம்பள விடயத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளூர் ஊழியரின் சம்பளம் ரூபாயில், அந்த இடத்தில் நிலவும் சிறந்த வேலைகொள்வோரின் நிலைமைகளோடு ஒப்பிட்டு, உள்ளூர்ச் சம்பள ஆய்வு மூலம் தீர்மானிக்கப்படுகிறது. நாட்டுத் தலைவருக்கு அதை உயர்த்தும் அதிகாரம் இல்லை. ஆனால் ஆய்வுக் குழுவில் ஊழியர் தரப்புக்கு இடமுண்டு. எந்த நிறுவனங்களோடு ஒப்பிடுவது என்ற கட்டத்திலேயே முடிவு பெரும்பாலும் எழுதப்பட்டுவிடும். கொழும்பின் பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 வீதத்தைத் தொட்டபோது ஆளுக்கொரு மனு எழுதினோம். உண்மையில் அந்தக் குழுவுக்குப் பயிற்சி பெற்ற ஒருவரை முன்னரே அனுப்பியிருக்க வேண்டும்.

இப்போதைய ஆட்குறைப்பும் பெரும்பாலும் ஐ.நா. வளாகம் இருக்கும் பௌத்தாலோக மாவத்தையில் தீர்மானிக்கப்படுவதல்ல. 2025 மார்ச்சில் செயலாளர் நாயகம் அறிவித்த 'ஐ.நா. 80' மறுசீரமைப்பைத் தொடர்ந்து, 2026க்கான வழமையான வரவுசெலவுத் திட்டத்தில் ஏறத்தாழ 15 வீத வெட்டும் 2,681 பதவிகளின் நீக்கமும் முன்மொழியப்பட்டன. நன்கொடையில் தங்கியிருக்கும் முகவரகங்களின் நிலை இதைவிடக் கடினம். 2025 மே தினத்தன்று ஜெனீவாவில் ஐ.நா. ஊழியர்கள் வீதியில் திரண்டது இதற்காகத்தான். எனவே உங்கள் தலைவரிடம் "வெட்டாதீர்கள்" என்று கேட்பதில் பயன் குறைவு. எந்த அளவுகோலின்படி பதவிகள் தெரிவுசெய்யப்பட்டன, வெற்றிடங்களுக்கு இங்குள்ளவர்களுக்கு முன்னுரிமை கிடைக்குமா, அறிவிப்புக் காலத்தை நீட்ட முடியுமா, வேறு முகவரகங்களுக்குப் பரிந்துரை செய்வாரா என்பவை அவர் கைக்குள் இருப்பவை. அவற்றில் அழுத்துங்கள்.

அவர் கையை மீறியதைத் தலைமையகச் சங்கத்துக்கு அனுப்புங்கள். 1952இல் உருவான பிக்சா (சர்வதேச சிவில் ஊழியர் சங்கங்களின் சம்மேளனம்) போன்றவை சம்பளத்தைப் பரிந்துரைக்கும் சர்வதேச சிவில் சேவை ஆணைக்குழுவின் முன் பேசுகின்றன. உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஊழியர் சங்கங்கள் நிறைவேற்றுச் சபையில் ஆண்டுதோறும் கூற்று வைக்கின்றன, ஐ.நா.வின் எயிட்ஸ் திட்டமான யூ.என்.எயிட்ஸின் சங்கம் தனது ஊழியர் கருத்துக்கணிப்பின் முடிவுகளை ஆளும் சபைக்கே கொண்டுபோகிறது. யூ.என்.எயிட்ஸில் பாலியல் தொல்லை உள்ளிட்ட தொல்லைகளைத் தடுக்கத் தலைமை தவறியதாகச் சுயாதீன நிபுணர் குழு 2018இல் கூறி, அடுத்த ஆண்டு அதன் தலைவர் பதவி விலகியதையும் நினைவிற்கொள்ளலாம். நியாய சபைகள்கூட ஒன்றுபோல் தீர்ப்பதில்லை. ஜெனீவாவின் சம்பளக் குறைப்பை 2019இல் சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் நியாய சபை செல்லாதென்று இரத்துச் செய்தது; ஐ.நா.வின் நியாய சபைகளோ அதே குறைப்பை ஏற்றுக்கொண்டன. அப்போது ஒரே நகரத்தில் இரு சம்பளம். உங்கள் அமைப்பு எந்தக் குடைக்குக் கீழ் இருக்கிறது என்று தொடக்கத்தில் பார்க்கச் சொன்னது இதனாலும்தான்.

கடைசியாக, உங்கள் சொந்த அச்சம். பிரதிநிதிக்குச் சாதாரண ஊழியரைவிடப் பரந்த விமர்சன உரிமை உண்டென்று தொழில் ஸ்தாபனத்தின் நியாய சபை பலமுறை கூறியிருக்கிறது. தனிமனித அவதூறு போன்றவை அந்த எல்லையை மீறுபவை. பழிவாங்கலுக்கு எதிரான பாதுகாப்பை ஐ.நா. செயலகத்தில் 2006 முதல் ஒழுக்கநெறி அலுவலகம் பார்க்கிறது. இருந்தும் ஆபத்து அறவே இல்லையென்று சொன்னால் நான் பொய்யனாவேன். ஒப்பந்தம் ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்படும் ஒருவரிடம் அப்படிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. உங்கள் வேலைத்திறன் மதிப்பீட்டை இந்த ஆண்டு உரிய காலத்தில் முடித்து, மேலதிகாரியின் கையொப்பத்தோடு ஒரு பிரதியை வீட்டில் வைத்திருங்கள். கடிதங்களைச் சங்கத்தின் பெயரில், குழு முழுவதும் கையொப்பமிட்டு அனுப்புங்கள். பத்திரிகைக்காரர் யாராவது அழைத்தால் தலைமையகச் சங்கத்தின் பேச்சாளரிடம் அனுப்பிவிடுங்கள்; அனுமதியின்றி ஊடகத்தோடு பேசுவது ஊழியர் விதிகளில் தனிக் குற்றமாகக் கொள்ளப்படலாம், அந்த வாய்ப்பை எவருக்கும் கொடுக்க வேண்டாம். இன்று மாலைக்குள் அந்த நால்வரின் கடிதங்களிலுமுள்ள திகதியைக் குறித்துக்கொண்டு, அவர்களில் ஊழியர் என்ற தகுதியுடையவர்களுக்கு அறுபதாவது நாள் எந்தக் கிழமையில் விழுகிறது என்று நாட்காட்டியில் எண்ணிப் பாருங்கள்.